கேட்காமல் எடுத்துப்போன அம்மி

விண்டோஸோடு 29 ஆண்டுகள் குடித்தனம் நடத்திய 'வேர்ட்பேட்' 2024-ல் வெளியேற்றப்பட்டது. பெரிய ஆபீஸ்களுக்கு அது ஒரு செய்தியே இல்லை. பல மொழி, பல எழுத்து என்று பிழைக்கும் மட்டாஞ்சேரியில் கணக்கு வேறு.

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் நுழைந்ததும் மூக்கைத் தொடுவது சுக்கும் மிளகும். அடுத்து காதைத் தொடுவது மொழிகள். குஜராத்தி வியாபாரியின் கிட்டங்கி, கொங்கணிக்காரர் கடை, கச்சி மேமன்களின் வீடுகள் என்று நாலு தெருவுக்குள் நாலு பாஷை மாறும். பக்கத்தில் ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதிக்குப் போனால் தமிழ் கேட்கும். டச்சுக்காரர்கள் காலத்தில் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அங்கே இன்றும் சலவைத் தொழில் செய்கிறார்கள்.

இத்தனை பேரும் என்றாவது ஒருநாள் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. தெருமுனையில் இருக்கும் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் உற்சவ நோட்டீஸ், பள்ளிவாசல் கமிட்டியின் ரசீது, வாடகை ஒப்பந்தம், கார்ப்பரேஷனுக்கு மனு. ஒரே தாளில் மலையாளமும் இங்கிலீஷும் வேண்டும்; சில சமயம் கூடவே குஜராத்தியோ தமிழோ வேண்டும்.

இது இந்த ஊருக்குப் புதிய வழக்கமல்ல. மலபாரின் மூலிகைகளைப் பற்றி டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிகுஸ்' நூலின் முதல் தொகுதி 1678-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதில் லத்தீனோடு மலையாள எழுத்தும் அரபி எழுத்தும் இருந்தன. கொச்சியின் கொங்கணி வைத்தியர்கள் மூவர் நாகரி எழுத்தில் கொடுத்த சான்றும் இருந்தது. ஒரே புத்தகத்தில் பல எழுத்து என்பது கொச்சிக்கு 300 ஆண்டுக்கும் மேலான பழக்கம்.

அப்படிப்பட்ட தெருவில் ஒரு சின்ன கடையின் பழைய கம்ப்யூட்டர் ஓய்ந்துபோய், விண்டோஸ் 11 போட்ட புது மெஷின் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபைல்கள் எல்லாம் பத்திரமாக அதில் ஏற்றப்படுகின்றன. வாடிக்கையாளர் ஒருவர் வந்து, பத்து வருஷத்துக்கு முன் அடித்த ஒப்பந்தத்தை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றித் தரச் சொல்கிறார். ஃபைலைத் தட்டினால், எதில் திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் திருப்பிக் கேட்கிறது. ஃபைல் இருக்கிறது. அதைத் திறக்கும் சாமானைத்தான் காணோம்.

வாடகை வீட்டுக்கு வரும்போதே திண்ணையோரம் ஒரு அம்மி கிடக்கிறது. 29 வருஷம் அதில்தான் அரைக்கிறோம். ஒருநாள் காலையில் பார்த்தால் வீட்டுக்காரர் அதை எடுத்துப் போயிருக்கிறார். மிக்ஸி வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு சீட்டு மட்டும் இருக்கிறது. நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

பெட்டியோடு வந்தது

மைக்ரோசாஃப்டின் முதல் விண்டோஸ் 1985-ல் வந்தபோதே அதில் 'ரைட்' என்ற சிறிய எழுதும் கருவி இருந்தது. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது ரைட்டின் இடத்தைப் பிடித்தது வேர்ட்பேட். அண்ணன் 'வேர்ட்' காசு கொடுத்து வாங்க வேண்டிய பெரிய சாமான். தம்பி 'நோட்பேட்' வெறும் எழுத்தை மட்டும் சேமிக்கும். வேர்ட்பேட் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. தடித்த எழுத்து, சாய்வெழுத்து, வேறுவேறு ஃபான்ட், ஒரு படம் என்று சின்ன கடைக்குப் போதுமான அத்தனையும் அதில் உண்டு. விலை இல்லை, சந்தா இல்லை, இன்டர்நெட்டும் வேண்டாம்.

2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வேர்ட்பேட் இனி மேம்படுத்தப்படாது. வரப்போகும் விண்டோஸிலிருந்து நீக்கப்படும். அலங்காரமுள்ள ஆவணங்களுக்கு வேர்டையும் வெறும் எழுத்துக்கு நோட்பேடையும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். சொன்னபடியே 2024 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் வேர்ட்பேட் இல்லை. புது மெஷினில் மட்டுமல்ல, பழைய மெஷினை அந்தப் பதிப்புக்கு மாற்றினாலும் அது போய்விடும். திரும்பப் போட்டுக்கொள்ள மைக்ரோசாஃப்ட் வழி எதுவும் வைக்கவில்லை.

மாறாமல் பழைய விண்டோஸ் 10-லேயே இருந்துவிடலாமே? அங்கே வேர்ட்பேட் இருக்கும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றுவிட்டன. தனிநபர்களுக்கான கூடுதல் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கும் கெடு 2026 அக்டோபர்தான். கருவி வேண்டுமா, காவல் வேண்டுமா என்று தேர்ந்துகொள்ள வேண்டிய நிலை.

எழுத்து ஜிலேபியாகும் கதை

இங்கிலீஷில் மட்டும் எழுதுபவருக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. இந்திய மொழிக்காரருக்குத்தான் சிக்கல். அதற்குக் காரணம் நம் எழுத்துகள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்த விதம்.

இன்று மலையாள 'அ'வுக்கும் தமிழ் 'அ'வுக்கும் யூனிகோட் என்ற உலகப் பொது ஏற்பாட்டில் தனித்தனி எண் உண்டு. 1990-களில் நம் மேஜைக்கு அது வந்து சேரவில்லை. அப்போது செய்த தந்திரம் எளிமையானது. கம்ப்யூட்டர் தான் இங்கிலீஷ் எழுத்தைச் சேமிப்பதாகவே நினைத்துக்கொள்ளும். ஃபான்ட் மட்டும் அந்த இடத்தில் நம் எழுத்தின் உருவத்தைக் காட்டும். தமிழில் பாமினி, மலையாளத்தில் 'எம்.எல்.-டி.டி. கார்த்திகா' போன்ற ஃபான்ட்கள் இப்படிப் பிழைத்தவை. விண்டோஸில் தமிழ் யூனிகோட் 2000-ல் வந்தது. மலையாளத்துக்கு 2004-ல் வந்த எக்ஸ்.பி. இரண்டாம் திருத்தப் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் டி.டி.பி. கடைகளும் அச்சகங்களும் கை பழகிய பழைய ஃபான்ட்களை விட்டுவிடவில்லை.

இந்த வகை ஃபைலில் எழுத்தை எழுத்தாகக் காட்டுவதே ஃபான்ட்தான். எந்த வரி மலையாள ஃபான்ட், எந்த வரி இங்கிலீஷ் ஃபான்ட் என்ற குறிப்பு ஃபைலுக்குள்ளேயே இருக்க வேண்டும். வேர்ட்பேட் அந்தக் குறிப்பைக் காப்பாற்றும். நோட்பேடில் முழு ஃபைலுக்கும் ஒரே ஃபான்ட். கார்த்திகாவைத் தேர்ந்தெடுத்தால் இங்கிலீஷ் பெயரும் விலாசமும் மலையாள எழுத்துகளாகிக் குழம்பும். இங்கிலீஷ் ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்தால் மலையாளம் முழுக்க ஜிலேபி. வேர்ட்பேட் சேமித்த ஆர்.டி.எஃப். ஃபைலை நேராக நோட்பேடில் திறந்தாலோ சாய்கோடும் அடைப்புக்குறியுமாக ஒரு பக்கம் விரியும்.

வெறும் எழுத்துக்கு நோட்பேட் போதும் என்ற யோசனை இங்கேதான் உதைக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய நம் எழுத்து ஒருநாளும் வெறும் எழுத்தாக இருந்ததில்லை. மீதி வழி வேர்ட். அதைக் கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ளப் பணம் வேண்டும். இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் வேர்டுக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கும் எந்நேரமும் லைனும் வேண்டும்.

கம்பெனியின் நியாயம்

மைக்ரோசாஃப்டின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வேர்ட்பேடை அது நெடுங்காலமாகவே பெரிதாகக் கவனிக்கவில்லை. விண்டோஸ் 7-ல் கடைசியாக ஒரு பெரிய அலங்காரம் நடந்தது, அதோடு சரி. கவனிக்காத பழைய புரோகிராம் பூட்டாத பின்கதவு மாதிரி. நீக்கப் போவதாக அறிவித்த அடுத்த மாதமே, 2023 அக்டோபரில், வேர்ட்பேடில் ஓர் ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அடைக்க வேண்டிவந்தது. தந்திரமாகத் தயாரித்த ஒரு ஃபைலைத் திறந்தால், பயன்படுத்துபவரின் பாஸ்வேர்டு சார்ந்த ரகசியம் வெளியே கசியும் என்பது அந்த ஓட்டை. அதைத் திருடர்கள் ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள்.

ஆர்.டி.எஃப். முறையும் பழையதுதான். 1987-ல் மைக்ரோசாஃப்டே உருவாக்கியது. 2008-க்குப் பிறகு அதன் விதிகளில் மாற்றமில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் பழமை மட்டுமே காரணம் என்று நம்புவது கஷ்டம். வேர்ட்பேடை அனுப்பிவிட்டு, எளிமைக்குப் பேர்போன நோட்பேடுக்கு ஒவ்வொன்றாக நகை போட்டார்கள். 2024-ல் எழுத்துப்பிழை திருத்தம் வந்தது. 2025-ல் எழுதியதைச் செயற்கை அறிவே மாற்றி எழுதித் தரும் வசதி வந்தது. அதற்கு மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைய வேண்டும். அதே ஆண்டு தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும்கூட நோட்பேடுக்குள் நுழைந்தன. வேர்ட்பேட் செய்துகொண்டிருந்த வேலைகளில் பாதி அடுத்த அறைக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

வெளியேற்றப்பட்டது வேர்ட்பேட் மட்டுமல்ல. குடும்ப வீடியோக்களை வெட்டி ஒட்ட உதவிய 'மூவி மேக்கர்' 2017 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. கடிதம் பார்க்க உதவிய 'மெயில்' 2024 டிசம்பர் 31-ம் தேதியோடு ஓய்ந்தது. அதன் இடத்தில் வந்த புது அவுட்லுக்கில் இலவசக் கணக்குக்காரர்களுக்கு விளம்பரமும் உண்டு. 1990 முதல் ஆபீஸ்களில் மத்தியான நேரத்தைப் போக்கிய 'சாலிடேர்' சீட்டாட்டம் 2012-ல் விண்டோஸ் 8-லிருந்து காணாமல் போனது. விண்டோஸ் 10-ல் திரும்பி வந்தபோது நடுவில் விளம்பரம் ஓடியது. விளம்பரம் வேண்டாதவர்களுக்குச் சந்தா.

ஆப்பிளும் விதிவிலக்கல்ல. 2022-ல் வந்த 'வெஞ்சுரா' பதிப்பிலிருந்து மேக் கம்ப்யூட்டரின் 'ப்ரிவியூ' கருவி போஸ்ட்ஸ்கிரிப்ட், இ.பி.எஸ். ஃபைல்களைத் திறப்பதில்லை. அச்சகத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

தப்பித்த ஒரே பெரிய ஆள் 'பெயின்ட்'. 2017 ஜூலையில் கைவிடப்படும் பட்டியலில் அதன் பெயர் வந்ததும் உலகமெங்கும் கூக்குரல் எழுந்தது. மறுநாளே மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்தது. பெயின்டின் வாரிசாகக் கொண்டுவரப்பட்ட 'பெயின்ட் 3டி'தான் கடைசியில் 2024 நவம்பரில் கடையிலிருந்து அகற்றப்பட்டது. வேர்ட்பேடுக்காக அவ்வளவு பெரிய குரல் எழவில்லை. அதை நம்பியிருந்தவர்கள் குரல் எழுப்பும் இடங்களில் இல்லை.

போகச் சொன்னால் போகாதவை

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. வேண்டும் என்பது போகும். வேண்டாம் என்பது போகாது.

1998 மே மாதம் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விண்டோஸோடு கட்டி விற்றுப் போட்டியாளரை ஒழிக்கிறார்கள் என்பது முக்கியப் புகார். எக்ஸ்ப்ளோரர் விண்டோஸின் உடலோடு பிணைந்தது, பிரித்தெடுக்க முடியாது என்பது கம்பெனியின் வாதம். காலம் அந்த வாதத்தை எங்கே கொண்டுவிட்டது? 2021-ல் வந்த விண்டோஸ் 11-ல் எக்ஸ்ப்ளோரரைத் தனியாகத் திறக்க வழியில்லை. 2022 ஜூனில் அது ஓய்வுபெற்றது. அதன் உள்ளெலும்பு சில மிச்சமிருந்தாலும், பிரிக்க முடியாததைக் கம்பெனி விரும்பியபோது பிரிக்க முடிந்தது.

ஐரோப்பிய ஆணையம் 2004-ல் 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்கச் சொன்னது. பிறகு வந்த டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கீழ், 2024 மார்ச் முதல் ஐரோப்பாவில் இருப்பவர்கள் 'எட்ஜ்' பிரவுசரை விண்டோஸிலிருந்து கழற்றி எறியலாம். அதே விண்டோஸ் ஓடும் கொச்சியில் அந்த உரிமை கொடுக்கப்படவில்லை. 2025-ல் வந்த விண்டோஸ் 11-ன் 25எச்2 பதிப்பில், கூடவே வரும் செயலிகளில் வேண்டாதவற்றைப் பட்டியல் போட்டு மொத்தமாக நீக்கும் வசதி கிடைத்தது. பெரிய நிறுவனங்களுக்கும் கல்வி நிலையங்களுக்குமான பதிப்புகளுக்கு மட்டும். வீட்டுப் பதிப்பு வைத்திருப்பவர் கழற்ற முடிந்ததை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும்.

ஆக, சண்டை ஒரு சின்ன புரோகிராமைப் பற்றியது அல்ல. காசு கொடுத்து வாங்கிய மெஷினில் எது இருக்கலாம், எது போகலாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதுதான் கேள்வி.

பள்ளிக்கூடத்தில் வேறு கணக்கு

அதற்கு ஒரு மாற்றுப் பதில், கேரளத்தின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் இருக்கிறது. கடைக்காரரின் மகள் பள்ளியில் உட்காரும் கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் அல்ல, லினக்ஸ்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தந்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலையில் திருவனந்தபுரம் வந்து அந்த இயக்கத்தின் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்தார். வி.எஸ். அச்சுதானந்தன் முதல்வராக இருந்த காலத்தில் பள்ளிகள் முழுமூச்சாக லினக்ஸுக்குத் திரும்பின. 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று தொடங்கிய திட்டம் 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. உபுண்டு என்ற லினக்ஸை எடுத்து, கேரளப் பாடத்திட்டத்துக்கு ஏற்ப கைட் தானே மாற்றி அமைக்கிறது. 2019-ல் ஒரு பதிப்பு வந்தது, 2024-ல் அடுத்தது. 2019-ல் 2 லட்சத்துக்கும் அதிகமான பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கு இது போகிறது என்றும், உரிமக் கட்டணத்தில் ரூ. 3,000 கோடி மிச்சம் என்றும் கைட்டின் துணைத் தலைவராக இருந்த கே. அன்வர் சாதத் கணக்குச் சொன்னார்.

பணத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. லினக்ஸ்காரர்களும் சாமான்களை நீக்குகிறவர்கள்தான். படம் திருத்தும் 'கிம்ப்' என்ற கருவியை உபுண்டு 2010 ஏப்ரல் பதிப்போடு தன் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டது. 2023 அக்டோபர் பதிப்பில் லிப்ரே ஆபீஸைக்கூட எடுத்துவிட்டு, கூடுதல் வேண்டுபவர்கள் மட்டும் தேர்ந்தெடுக்கலாம் என்றது. அப்போதும் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் கேரளத்துப் பிள்ளைகள் கிம்ப்பை இழக்கவில்லை. பாடப்புத்தகத்தில் அந்தப் பாடம் இருக்கிறது. எனவே கைட்டின் பதிப்பில் கிம்ப்பும் இருக்கிறது. உபுண்டு கைவிட்டதைக் கேரளம் எடுத்து வைத்துக்கொண்டது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. காரணம், மூல நிரல் பொதுச்சொத்து.

தமிழர்களுக்கும் இந்தப் பாதை அந்நியமில்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. கேரளத்தில் பாடமும் தேர்வும் லினக்ஸில் நடந்ததால் அது வேர்விட்டது. தமிழகத்தில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

லினக்ஸ் எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் சொல்ல முடியாது. டி.டி.பி. கடைகளில் ஓடும் பேஜ்மேக்கரும் ஃபோட்டோஷாப்பும் லினக்ஸுக்கு வந்ததில்லை. தொழிலுக்கு விண்டோஸ், படிப்புக்கு லினக்ஸ் என்ற இரட்டை வாழ்க்கை கேரளத்திலும் தொடர்கிறது.

என்ன செய்யலாம்?

வேர்ட்பேடை இழந்தவர்கள் கையைப் பிசைய வேண்டியதில்லை. லிப்ரே ஆபீஸ் விண்டோஸிலும் ஓடும், இலவசம், கணக்குத் தொடங்க வேண்டாம், இறக்கிய பிறகு இன்டர்நெட் வேண்டாம். ஆர்.டி.எஃப். ஃபைல்களை அது ஃபான்ட் குறிப்போடு திறக்கும். பழைய ஃபான்ட்களை மட்டும் புது மெஷினில் மறக்காமல் நிறுவிக்கொள்ள வேண்டும். பழைய மெஷினிலிருந்து வேர்ட்பேடை நகலெடுத்துப் போடும் குறுக்கு வழியும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதில் இனி ஓட்டை தெரியவந்தால் அடைப்பதற்கு ஆளில்லை.

நிரந்தரத் தீர்வு, பழைய ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றுவது. தமிழுக்குச் சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வர்ட்டர் இருக்கிறது. மலையாளத்துக்கு 'சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' தன்னார்வலர்கள் 'பய்யன்ஸ்' என்ற மாற்றியை எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழக அரசு 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது. மாற்றுவது அலுப்பான வேலைதான். ஒவ்வொரு ஃபைலையும் திறந்து சரிபார்க்க வேண்டும். பெயரிலோ சர்வே எண்ணிலோ ஒரு எழுத்து பிசகினாலும் பத்திரத்தில் சிக்கல் வரும் என்பதைக் கடைக்காரர்கள் அறிவார்கள். ஆனால் ஒருமுறை மாற்றிவிட்டால் பிறகு அந்த எழுத்து எந்தக் கம்பெனியின் எந்தக் கருவியையும் நம்பி இருக்காது.

மாற்றத்துக்கு மட்டாஞ்சேரி பயந்த ஊர் அல்ல. ஜூ டவுனில் 1957-ல் தொடங்கிய மிளகு முன்பேரச் சந்தையில் தரகர்கள் தொண்டை கிழியக் கத்தி விலை பேசினார்கள். 2000-களில் அந்தக் கூச்சல் அடங்கி வியாபாரம் கம்ப்யூட்டர் திரைக்குப் போனதையும் இதே தெரு பார்த்தது. கருவி மாறும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

தெரிய வேண்டியது இன்னொன்று. அம்மி வீட்டுக்காரருடையதாக இருக்கலாம். அதில் இத்தனை நாள் அரைத்தது நம்முடைய மசாலா. அதையாவது நம் டப்பாவில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.